ரேடியோ இப்போ செல்போனில்: எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்?



2021-ஆம் வருஷம் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். கூட்டுறவு வங்கிகளில் மகளிர் குழுக்கள் வாங்கிய கடனைத் தள்ளுபடி செய்வதாகத் தமிழக அரசு அந்த வருஷம் அறிவித்தது. உங்களில் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். அறிவிப்பு வந்த கொஞ்ச நாளிலேயே நம்ம கிராமங்களில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்ற ஆரம்பித்தது. "மகளிர் குழுக் கடன் எல்லாமே தள்ளுபடி ஆயிருச்சு, இனிமே யாரும் தவணை கட்ட வேண்டாம்" என்று ஒரு ஆண் குரல். பெரிய அதிகாரி பேசுகிற மாதிரியே இருந்தது. ஆனால் பேசுகிறவர் யார், எந்த ஊர், எந்த அலுவலகம் என்று ஒரு வார்த்தை இல்லை.

நான் போய் வருகிற ஒரு ஊரில் ஒரு குழு அதை நம்பிவிட்டது. அவர்கள் கடன் வாங்கியது கூட்டுறவு வங்கியில் இல்லை, வேறு வங்கியில். மூணு மாசம் தவணை கட்டவில்லை. வட்டி ஏறியது. அடுத்த கடனுக்குப் போனபோது, பழைய பாக்கியை முதலில் முடித்துவிட்டு வாங்க என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கடனை நம்பி மகளைக் கல்லூரியில் சேர்த்த ஒரு அக்கா, ஃபீஸ் கட்டுவதற்குக் கந்துவட்டிக்கு வாங்கினார். அதை அடைக்க அவருக்கு ரெண்டு வருஷம் ஆனது.

அதே ஊரில் பக்கத்துத் தெருவில் இருக்கிற குழு ஒரு தவணை கூடத் தவறவில்லை. அந்தக் குழு ஊக்குநர் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுகிறவர். எப்போதும் பக்கத்தில் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும். அவரிடம் கேட்டேன்.

"செய்தியில 'கூட்டுறவு வங்கி'ன்னு சொன்னாங்க மேடம். நம்ம குழு வாங்குனது அங்க இல்லையே. அப்ப நமக்குக் கிடையாதுன்னு கூட்டத்துல சொன்னேன். ரெண்டு பேரு சண்டைக்கு வந்தாங்க. வாங்க, பேங்க்லயே போய்க் கேப்போம்னு கூட்டிட்டுப் போயிட்டேன்" என்றார்.

'கூட்டுறவு' என்ற ஒரே ஒரு வார்த்தையைக் காது கொடுத்துக் கேட்டதால் ஒரு குழு தப்பித்தது. ரெண்டு குழுவுக்கும் விஷயம் காது வழியாகத்தான் வந்தது. ஒன்று பொறுப்பான இடத்திலிருந்து வந்தது, இன்னொன்று ஊர் பேர் இல்லாமல் வந்தது. அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன்.

பாட்காஸ்ட் என்றால் என்ன?

ரேடியோவில் ஒரு டாக்டர் சர்க்கரை நோய் பற்றி மத்தியானம் 12 மணிக்குப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரம் நீங்கள் பட்டாசு ஆலையில் இருப்பீர்கள், இல்லையென்றால் நூறு நாள் வேலையில் இருப்பீர்கள். நிகழ்ச்சி போனது போனதுதான். அதே நிகழ்ச்சியைப் பதிவு செய்து, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் செல்போனில் கேட்கிற மாதிரி இணையத்தில் வைத்துவிட்டால் அதற்குப் பெயர்தான் பாட்காஸ்ட். ஆக்கி மூடி வைத்த சோறு மாதிரி. பசிக்கிற நேரத்தில் எடுத்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம். புரியாத இடத்தைத் திரும்பப் போட்டுக் கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத நம்ம அக்காமார்களுக்கு இது பெரிய வசதி. படிக்கத்தான் எழுத்து வேண்டும், கேட்பதற்குக் காது போதும்.

படம் பார்ப்பதை விட இதற்கு நெட்டும் குறைவாகத்தான் செலவாகும். அரை மணி நேர ஒலிப்பதிவுக்குச் சுமார் 15 முதல் 30 எம்.பி. போதும். அதே நேரம் வீடியோ பார்த்தால் பல மடங்கு ஆகும். கண்ணும் கையும் வேலையில் இருக்கும்போது காது சும்மாதானே இருக்கிறது? பெட்டி ஒட்டுகிறபோதும் பாத்திரம் துலக்குகிறபோதும் கேட்கலாம்.

எதைக் கேட்கலாம்?

செல்போனைத் திறந்தால் ஆயிரம் பேர் பேசுகிறார்கள். சிலர் பொருள் விற்கப் பேசுகிறார்கள், சிலர் பயமுறுத்திப் பேசுகிறார்கள். அதனால் முதலில் பொது வானொலி நிகழ்ச்சிகளிலிருந்து தொடங்குங்கள் என்று சொல்வேன். பொது வானொலி என்றால் லாபத்துக்காக இல்லாமல் மக்கள் பயனுக்காக, மக்கள் பணத்தில் நடக்கிற வானொலி. பேசுகிறவர் பெயரைச் சொல்வார்கள். தப்பாகச் சொன்னால் கேட்பதற்கு ஒரு அலுவலகம் இருக்கும்.

1. ஆகாஷ்வாணி செய்திகள்

நம்ம அம்மா, பாட்டி எல்லாம் கேட்ட அகில இந்திய வானொலிதான் இது. சென்னை நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் தொடங்கின. டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசாமி செய்தி வாசித்த காலத்தில், டீக்கடை ரேடியோவைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த அம்மா 2022-ல் காலமானார். செய்தி வாசிக்கிறதில் பெண் குரலுக்கு அவர் வாங்கிக் கொடுத்த மரியாதை பெரிது.

'நியூஸ் ஆன் ஏர்' என்ற இலவச ஆப்பைச் செல்போனில் போட்டுக்கொண்டால் ஆகாஷ்வாணி நிலையங்களைக் கேட்கலாம். ஆகாஷ்வாணியை நடத்துகிற பிரசார் பாரதி 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்று இன்னொரு ஆப்பையும் கொண்டுவந்தது. நிலையங்கள் பலவும் பழைய நிகழ்ச்சிகளை யூடியூபிலும் போட்டு வைக்கின்றன. ஆப் போடத் தெரியவில்லை என்றால் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கேளுங்கள், ரெண்டு நிமிஷ வேலை.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். இது அரசு சார்ந்த வானொலி. திட்டங்களைப் பற்றி நல்லதாகவே அதிகம் சொல்வார்கள். திட்டம் இருக்கிறது என்பதை அங்கே தெரிந்துகொள்ளுங்கள். நம்ம ஊருக்கு வந்ததா இல்லையா என்பதைக் கிராம சபையில் கேளுங்கள்.

2. விவசாயம், ஆடு மாடு நிகழ்ச்சிகள்

மதுரை வானொலி (103.3), கொடைக்கானல் பண்பலை (100.5), திருநெல்வேலி வானொலி இவையெல்லாம் நம்ம பக்கத்து நிலையங்கள். கொடைக்கானல் நிலையம் மலை மேல் இருப்பதால் நம்ம மாவட்டத்தில் பல இடங்களில் தெளிவாகக் கேட்கும். விவசாய நிகழ்ச்சிகளில் வேளாண் அலுவலர்களும் கால்நடை மருத்துவர்களும் வந்து பேசுவார்கள். ஆட்டுக்குக் கடன் வாங்கியிருக்கிற குழுக்கள் இதை விடக்கூடாது. தடுப்பூசி எந்த மாசம், குடற்புழு மருந்து எவ்வளவு என்பது தெரியாமல் ஆடு செத்தால் நஷ்டம் ஒரு வீட்டோடு நிற்பதில்லை, குழுவின் தவணையும் சேர்ந்து நிற்கிறது.

ரேடியோ பேச்சால் விவசாயம் மாறுமா என்று கேட்பீர்கள். மாறியிருக்கிறது. 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 என்ற புது நெல் வந்தது. திருச்சி வானொலியில் அதைப் பற்றி விடாமல் சொல்லிச் சொல்லி, கேட்ட விவசாயிகள் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

3. 'இன்று ஒரு தகவல்'

தென்கச்சி கோ. சுவாமிநாதன் பேசியது. அவர் விவசாயம் படித்தவர். திருநெல்வேலி வானொலியில் விவசாய நிகழ்ச்சி நடத்திவிட்டு, பிறகு சென்னைக்குப் போனவர். 2009-ல் காலமாகிவிட்டார், ஆனால் அவர் பேசியதெல்லாம் இணையத்தில் நிறையக் கிடைக்கிறது. சில நிமிஷம்தான். ஒரு விஷயத்தைச் சொல்லி, ஒரு சின்னக் கதையில் சிரிக்க வைத்து முடிப்பார். கூட்டத்தில் பேசக் கூச்சப்படுகிற ஊக்குநர்கள், பிரதிநிதிகள் இதைக் கட்டாயம் கேளுங்க. பெரிய விஷயத்தைச் சின்ன வார்த்தையில் எப்படிச் சொல்வது என்று கற்றுக்கொள்ளலாம்.

4. வெளிநாட்டுத் தமிழ் வானொலிகள்

லண்டனிலிருந்து வந்த பி.பி.சி. தமிழோசை 1941-ல் தொடங்கியது. அதன் ரேடியோ ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது. இப்போது பி.பி.சி. தமிழ் இணையத்தில் வருகிறது. ஆஸ்திரேலியாவின் பொது வானொலியான எஸ்.பி.எஸ்., தமிழிலும் நிகழ்ச்சி நடத்தி அதைப் பாட்காஸ்ட்டாகவும் போடுகிறது. அந்த நாட்டுக்குப் போய்க் குடியேறிய தமிழர்களுக்காக ஆஸ்பத்திரி, வேலைச் சட்டம், பிள்ளைகள் படிப்பு பற்றியெல்லாம் பேசுவார்கள். மகனையோ மகளையோ வெளிநாடு அனுப்பியவர்களும், அனுப்ப நினைக்கிறவர்களும் கேட்டுப் பாருங்கள்.

5. நம்ம மாதிரி பெண்களே நடத்துகிற வானொலி

இதைச் சொல்லும்போது எனக்கே உற்சாகம் வந்துவிடும். தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம் மாச்சனூர் என்ற கிராமத்தில் 2008 அக்டோபர் 15-ஆம் தேதி 'சங்கம் ரேடியோ' தொடங்கியது. அக்டோபர் 15 உலகக் கிராமப்புறப் பெண்கள் தினம். அந்த ரேடியோவை நடத்துகிறவர்கள் அந்த வட்டாரத்துச் சங்கப் பெண்கள், தலித் பெண்கள். விதை, தானியம், மருத்துவம், பாட்டு எல்லாம் அவர்கள் பேச்சு வழக்கிலேயே வரும்.

அது தெலுங்கு, நமக்குப் புரியாது. தமிழில் வேண்டும் என்றால் நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் களஞ்சியம் சமுதாய வானொலி இருக்கிறது. மதுரையிலிருந்து செயல்படுகிற தானம் அறக்கட்டளை, சுனாமியால் அடிபட்ட பகுதியில் கொண்டுவந்தது. ராமேஸ்வரம் பக்கம் பாம்பனில் மீனவர்களுக்காகக் 'கடல் ஓசை' வானொலி 2016 ஆகஸ்ட் 15 முதல் நடக்கிறது. தொண்டு நிறுவனங்களும் இப்படி வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு 2006-ல் விதியை மாற்றியது. அதனால்தான் இவையெல்லாம் வர முடிந்தது.

தனியாகக் கேட்பதா, சேர்ந்து கேட்பதா?

ரெண்டும் நல்லதுதான். ஆனால் பலன் எதில் அதிகம் என்று பார்த்திருக்கிறார்கள்.

1956-ல் யுனெஸ்கோ உதவியோடு மகாராஷ்டிராவில் புனே வட்டாரத்தில் ஒரு சோதனை நடந்தது. 150 கிராமங்களில் ஆட்களைக் குழுவாகச் சேர்த்து, வாரத்தில் ரெண்டு நாள் அரை மணி நேரம் விவசாய நிகழ்ச்சியைச் சேர்ந்து கேட்க வைத்தார்கள். கேட்டு முடித்ததும் அதைப் பற்றிப் பேச வேண்டும். சந்தேகம் இருந்தால் வானொலி நிலையத்துக்கு எழுத வேண்டும், நிலையம் பதில் சொல்லும். இந்த முறை 1941-ல் கனடா நாட்டு விவசாயிகளிடம் தொடங்கியது.

முடிவில் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். சேர்ந்து கேட்டுப் பேசிய கிராமங்களில் விஷயம் தெரிந்தவர்கள் நன்றாகக் கூடியிருந்தார்கள். ரேடியோ மட்டும் இருந்து, குழு இல்லாத கிராமங்களில் அந்த அளவுக்கு மாற்றம் இல்லை. பெட்டி பேசினது ஒன்றுதான், கேட்ட விதம்தான் வேறு.

அவர்கள் அந்தக் குழுக்களைப் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. நமக்கு அந்த வேலையே இல்லை. மாசா மாசம் கூடுகிற குழு இருக்கிறது, தீர்மான நோட்டு இருக்கிறது, ஊராட்சி அளவில் கூட்டமைப்பும் இருக்கிறது. ஒரு 15 நிமிஷம் ஒதுக்கினால் போதும்.

குழுக் கூட்டத்தில் செய்து பாருங்கள்

சேமிப்பு, தவணை வரவு எல்லாம் எழுதி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பணக் கணக்கு முடியாமல் யாருக்கும் மனசு நிற்காது.

ஒரு உறுப்பினர், தான் அந்த மாதம் கேட்டதில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து வர வேண்டும். 10 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். மாசம் ஒருத்தர் முறை. வீட்டிலேயே பதிவிறக்கம் செய்து வந்தால் கூட்ட இடத்தில் சிக்னல் இல்லை என்ற பிரச்சினை வராது. போனை ஒரு காலிச் சொம்புக்குள் வைத்தால் சத்தம் எல்லாருக்கும் கேட்கும், தனி ஸ்பீக்கர் வாங்க வேண்டாம்.

கேட்டு முடித்ததும் மூணு கேள்வி கேளுங்கள். என்ன சொன்னாங்க? இது நமக்குப் பொருந்துமா? நாம யாரிடம் போய் உறுதி செய்துக்கணும்? பதிலைத் தீர்மான நோட்டில் ரெண்டு வரி எழுதுங்கள். 'ஆட்டுத் தடுப்பூசி பற்றிக் கேட்டோம். கால்நடை மருந்தகத்தில் விசாரிக்க இன்னார் போவது' என்று எழுதினால் அடுத்த கூட்டத்தில் கேட்க ஒரு விஷயம் ஆகிறது. எழுதாமல் விட்டால் வெறும் பொழுதுபோக்காகப் போய்விடும்.

பொய்ப் பதிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

பேசுகிறவர் யார், எந்த நிறுவனம் என்று சொல்கிறாரா? எந்தத் தேதியில் சொன்னது? போன வருஷத்து அறிவிப்பைப் புதுசு மாதிரி அனுப்புகிறவர்கள் உண்டு. கேட்டு முடித்ததும் பணம் கட்டு, லிங்க்கை அழுத்து, ஓ.டி.பி. சொல்லு என்கிறாரா? அப்படியென்றால் உடனே நிறுத்திவிடுங்கள். 'பத்துப் பேருக்கு அனுப்பு' என்று எந்த அரசு அலுவலகமும் சொல்லாது. ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காமல் அன்றைக்கே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

எங்கே கேட்கக் கூடாது?

இதை மட்டும் மறக்காதீங்க சகோதரிகளே. பட்டாசு ஆலைக்குள் செல்போன் கூடவே கூடாது. கேட்டில் வாங்கி வைப்பது நம்ம உயிருக்காகத்தான். "பாட்டுத்தானே கேக்கேன், யாருக்குத் தெரியப்போகுது" என்று மடியில் கட்டிக்கொண்டு போகிற தங்கச்சிமார்கள் இருக்கிறார்கள். மருந்து அறையில் ஒரு சின்னப் பொறி போதும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு வருஷமும் நம்ம ஊர்களில் எழவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் நாம். ஆலையில் வேலை செய்கிறவர்கள் வேன் ஏறின பிறகோ வீட்டுக்கு வந்த பிறகோ கேட்டால் போதும், பாட்காஸ்ட் ஓடிப்போய்விடாது.

ரோட்டில் நடக்கும்போது ரெண்டு காதிலும் மாட்டிக்கொண்டு கேட்காதீர்கள், பின்னால் வருகிற லாரி சத்தம் கேட்காது.

பழைய பேட்டரி ரேடியோவைத் தூக்கிப் போடாதீர்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழை மறக்க முடியாதது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. பல ஊர்களில் கரண்டும் இல்லை, போன் டவரும் வேலை செய்யவில்லை. அந்த மாதிரி நேரத்தில் எவ்வளவு விலை உயர்ந்த போனும் வெறும் கண்ணாடிதான். பேட்டரி போட்ட சின்ன ரேடியோவுக்கு நெட்டும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம். ஒவ்வொரு குழுவிலும் ஒன்றாவது ஓடுகிற நிலையில் இருக்கட்டும். அது யார் வீட்டில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும்.

கடைசியாக ஒன்று

முதலில் சொன்னேனே, கந்துவட்டி வாங்கின அக்கா, அவர் போன மாதக் கூட்டத்தில் என்னிடம் சொன்னார்: "போன்ல வர்றது எல்லாம் பொய்னு இனிமே எதையும் கேக்குறதே இல்ல மேடம்." எனக்கு அது வருத்தமாக இருந்தது. ஒரு தடவை சோறு குழைந்துவிட்டது என்று யாரும் சமைப்பதை விடுவதில்லை. கேட்பதை நிறுத்த வேண்டாம். யார் சொன்னது என்று பார்த்துக் கேட்போம், கேட்டதைக் கூட்டத்தில் வைத்துப் பேசுவோம். அன்றைக்குப் பக்கத்துத் தெரு ஊக்குநர் செய்தது அது மட்டும்தான்.

அடுத்த கூட்டத்தில் உங்கள் குழு என்ன கேட்டது, அதில் என்ன முடிவு எடுத்தீர்கள் என்று ரெண்டு வரி எழுதிக் கூட்டமைப்பு அலுவலகத்துக்குக் கொடுத்தனுப்புங்கள். நல்லதாக இருப்பதை அடுத்த இதழில் போடுவோம், மற்ற குழுக்களும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்